சரிவுக்கு ஒரு வண்டி

என் கணவர் மாமரத்திலிருந்து விழுந்தது காய் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு ஜூன் மாதக் காலையில். இடது கணுக்கால் மூன்று துண்டாகப் போனது. கிருஷ்ணகிரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஆறு மாதத்தில் நடந்துவிடுவார் என்று டாக்டர் சொன்னார். நடந்துவிட்டார், ஆனால் சமதரையில் மட்டும். எங்களுக்குச் சமதரை என்று இருப்பது வீடும் வாசலும் கிணற்றடியும்தான். வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் மூன்று ஏக்கர் மாந்தோப்பு ஒரு கரட்டின் சரிவில் அடுக்கடுக்காக ஏறிப் போகிறது. நடுநடுவே பாறை. பாதிக்கு மேல் டிராக்டர் ஏறாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கிய அந்தச் சரிவை, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஷிஃப்ட் என்றால் நாலரைக்கெல்லாம் ரோட்டில் நின்று கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தோப்பை அவர்தான் பார்க்க வேண்டும். கூலிக்கு வருபவர்களைக் கீழிருந்து போனில் ஏவினார். அவர்கள் எந்த மரத்துக்கு மருந்து அடித்தார்கள், எதை விட்டார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அடுத்த பூப்பருவத்தில் மேல் தோப்பில் தத்துப்பூச்சி விழுந்து பூவெல்லாம் கருகிப் போனதை, காய் இல்லாத கிளைகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அதற்குப் பிறகுதான் அவர் போனில் அந்த வண்டியைப் பார்க்கத் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, மேலே ஏறி உட்காரும் சீட்டு, கீழே தடித்தடியாய் நான்கு டயர். குவாட் பைக் என்றார். வெளிநாட்டில் விவசாயிகள் அதில் வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் போவதை எனக்குக் காட்டினார். மருந்து டேங்க் கட்டலாம், காய் கிரேட் நாலு ஏற்றலாம், ஏறி இறங்கக் கால் வேண்டாம் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "சும்மாவும் ஒரு ரவுண்டு போலாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கல்யாணமான புதிதில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு குப்பத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் காரணமே இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். வண்டி என்றால் அவருக்கு வேலை பாதி, விளையாட்டு பாதி. விளையாட்டுப் பாதி எப்போது மேலே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் எங்கள் கம்பெனி யார்டில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் சாய்ந்தது. வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினார் அந்த டிரைவர், அவ்வளவுதான். கொண்டு போய்க்கொண்டிருந்த பாரம் ஒரு பக்கமாக இழுத்து, வண்டி மெதுவாக, யோசித்து யோசித்துச் சாய்கிற மாதிரி சாய்ந்தது. நான் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவர் பிழைத்தார், ஆனால் ஒரு கை போய்விட்டது. அதிலிருந்து, நாலு சக்கரம் இருந்தால் கவிழாது என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. வீட்டில் அவர் பார்த்த அதே போனில், அவர் தூங்கிய பிறகு, நான் குவாட் பைக் கவிழ்கிற வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். நிறையவே இருந்தன.

தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று ஒருநாள் சொன்னேன். வியாபாரி வந்து அவரே பார்த்துக்கொள்வார், அவரே பறித்துக்கொள்வார், நமக்கு நிம்மதி என்றேன். அன்றும் மறுநாளும் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் நாற்காலியை வாசலிலிருந்து எடுத்து வீட்டுக்குள் டிவி முன்னால் போட்டுக்கொண்டார். தோப்பைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அதை என்னால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. வண்டியைப் பார்க்கத்தானே, பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டேன்.

புதிது எங்கள் சக்திக்கு வெளியே. பழையது என்றால் பெரும்பாலும் ரிசார்ட்டுகளிலிருந்தும் சாகச விளையாட்டுப் பூங்காக்களிலிருந்தும் வருவதுதான். முதலில் பார்த்தது அப்படித்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கம், பெங்களூர் ஆட்கள் சனி ஞாயிறுகளில் வந்து தங்கும் ஓர் இடம். விற்பனைக்கு நான்கு வண்டிகள் வரிசையாக நின்றன. நான்கும் சிவப்பு. பளபளவென்று பெயிண்ட், பக்கவாட்டில் நெருப்பு எரிவது மாதிரி ஸ்டிக்கர், புது டயர். மேனேஜர் சாவியைக் கையில் கொடுத்தார். என் கணவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கட்டை விரலால் அழுத்துகிற ஆக்சிலேட்டர். காலில் கியர் மாற்ற வேண்டியதில்லை. புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார். அவர் முகத்தை அப்படிப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும் என்றேன். மேனேஜர் சிரித்தார், சர்வீஸ் செய்து நிற்கிற வண்டி, பார்க்க ஒன்றுமில்லை என்றார். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு புல்லில் மல்லாந்து படுத்து, போன் டார்ச்சை அடித்தேன். பதினாறு வருடமாக நான் செய்கிற வேலை அதுதான். சரியாகத் தெரிகிற பொருளில் சரியில்லாததைத் தேடுவது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை, சேஸிஸில் சேர்கிற இடத்தில் கறுப்புப் பெயிண்ட் மற்ற இடத்தைவிடத் தடிமனாக இருந்தது. வீட்டுச் சாவியால் சுரண்டினேன். உள்ளே வெல்டிங். அந்த வெல்டிங்குக்கு மேல் இன்னொரு வெல்டிங். ஒரே இடத்தில் இரண்டு தடவை விரிசல் விட்டிருக்கிறது. மற்ற வண்டிகளையும் பார்த்தேன். இன்னொன்றிலும் அப்படியே இருந்தது.

வேண்டாம் என்று எழுந்தேன். மீதி இரண்டில் ஒன்றை எடுக்கலாமே என்றார் கணவர். ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஓட்டப்பட்ட வண்டிகள், இதில் விட்டது அதில் விடாமல் இருக்குமா என்றேன். பஸ்ஸில் ஓசூர் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சொன்னார்: "நீ வண்டி பாக்க வரல. கொறை பாக்கத்தான் வந்த."

அது என்னைத் தைத்தது, ஏனென்றால் முழுப் பொய் இல்லை. வெல்டிங்கைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. நிம்மதி வந்தது. மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. எல்லாம் சரியாக இருக்கும் வண்டி ஒன்று வந்தால் நான் என்ன செய்வேன் என்று அன்றிரவு எனக்கே தெரியவில்லை.

பிறகு இரண்டு மூன்று இடம் போனோம். ஊத்தங்கரையில் ஒரு லேத் பட்டறைக்காரர் ஸ்கூட்டர் இன்ஜினை வைத்துத் தானே செய்திருந்தார். நன்றாக ஓடியது, ஆனால் ரிவர்ஸ் கியர் இல்லை. பாறைகளுக்கு நடுவே ரிவர்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஊனமான காலோடு இறங்கி அந்தக் கனத்தைத் தள்ள வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரியில் இன்னொன்று வீடியோவில் பெரிதாகத் தெரிந்தது. நேரில் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுகிற அளவு. அவர் உட்கார்ந்தபோது முழங்கால் கைப்பிடியில் இடித்தது. அதிலிருந்து இறங்கி அவரே சிரித்துவிட்டார். இன்னொன்றுக்கு என்ன கம்பெனி இன்ஜின் என்று விற்பவருக்கே தெரியவில்லை. செயின் அறுந்தால் செயின் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு ஆன்லைனில் பாருங்கள் என்றார்.

பிரேக்கில் மண் ஏறியிருக்கிறதா, சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, புகை என்ன நிறம், குளிர்ந்த இன்ஜின் எத்தனை அழுத்தலில் எழுகிறது என்று எனக்கு இதற்குள் ஒரு பாடம் ஏறிவிட்டது. தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் ஒரு கன்னடக்காரர்தான் பாதியைச் சொல்லிக்கொடுத்தார். தன் ஊர்ப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் ஒரு வண்டி இருக்கிறது, ஆனால் பார்க்க லட்சணமாக இருக்காது என்று அவர்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

கர்நாடக எல்லை தாண்டி மாஸ்திக்குப் பக்கத்தில் இருந்தது அந்தத் தோட்டம். வண்டியை நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். போனவுடன் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. வண்டி ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். முன் மட்கார்டு ஒரு பக்கம் உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. சீட்டு கிழிந்து அதன்மேல் உரச் சாக்கைச் சுற்றியிருந்தார்கள். தக்காளிச் சாறும் மண்ணும் காய்ந்து அப்பியிருந்தன. எங்கும் புதுப் பெயிண்ட் இல்லை. மூன்றாவது அழுத்தலில் எழுந்தது. புகை இல்லை. படுத்துப் பார்த்தேன். சேஸிஸ் முழுக்கத் துரு, ஆனால் எங்கும் வெட்டி ஒட்டிய தடம் இல்லை. இடது முன் சக்கரத்தில் லேசான ஆட்டம். சக்கரத்தைப் பிடிக்கும் மூட்டான பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தது. அது கடையில் கிடைக்கும் பொருள்தான்.

தோட்டக்காரர் ஐம்பது வயது தாண்டியவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து, எது வாயில் வருகிறதோ அதில் பேசினார். நான் அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சட்டையின் மேல் இரண்டு பித்தானைக் கழற்றி, வலது தோளைக் காட்டினார். தோளிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரு நீளமான தழும்பு.

"அம்மா, ஒந்து சல என்னைப் போட்டு அமுக்கிச்சு இது," என்றார். ஒரு தடவை என்பதைக் கன்னடத்தில் சொன்னார். "வண்டி மேல தப்பில்ல. கரைச் சரிவுல குறுக்கால போனேன். மேல போனா நேரா மேல போகணும், கீழ வந்தா நேரா கீழ வரணும். குறுக்கால போனீங்கன்னா இது உங்களது இல்ல. பின்னால ஆளை ஏத்தக் கூடாது. அதுக்கப்புறம் என் வீட்டுல யாரும் இதைத் தொட விடறதில்ல. அதான் விக்கறேன். சுள்ளு சொல்லி, பொய் சொல்லி வித்துட்டு நான் தூங்க முடியாது."

என் கணவர் என்னைப் பார்த்தார். முடிந்தது, இவள் கிளம்பிவிடுவாள் என்ற பார்வை. நானும் கிளம்பத்தான் நினைத்தேன். கால் நகரவில்லை. இத்தனை இடத்தில் இத்தனை பேர் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். நான் பயந்துகொண்டிருந்ததை முதல் முதலாக ஒருவர் ஆமாம் என்கிறார், எப்படி நடந்தது என்றும் சொல்கிறார். எந்த இடத்தில் அளவு தப்புகிறது என்று தெரிந்த பொருளோடு எனக்கு வேலை செய்யத் தெரியும். நான் அவரிடம் எத்தனை சரிவு, டேங்க் எங்கே கட்டியிருந்தீர்கள், நிறைய தண்ணீரா பாதியா என்றெல்லாம் அரை மணி நேரம் கேட்டேன். பாதி டேங்க்தான் மோசம், தண்ணீர் உள்ளே அலைந்து வண்டியை இழுக்கும் என்றார். பிறகு என் கணவரிடம், "எடுத்துக்கலாங்க" என்றேன். அவர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார்.

குட்டியானையில் ஏற்றிக் கட்டி பேரிகை வழியாகக் கொண்டுவந்தோம். நம்பர் பிளேட் இல்லாத வண்டி, ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி, கையில் இருப்பது பழைய பில்லும் தோட்டக்காரர் கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளும். எல்லையில் நிறுத்தினார்கள். திருட்டு வண்டி என்று நினைத்துவிட்டால், பறிமுதல் செய்துவிட்டால், அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் என்று ஒன்றன்பின் ஒன்றாக மனம் ஓடியது. போலீஸ்காரர் தாளைப் படித்தார், வண்டியைச் சுற்றி வந்தார், ரோட்டில் ஓட்டுவீர்களா என்று கேட்டார். தோப்புக்குள் மட்டும் என்றேன். ஊன்றுகோலோடு முன் சீட்டில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஐந்து கிலோமீட்டர் போகும் வரை நான் திரும்பித் திரும்பிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

சாவியை நான் வைத்துக்கொண்டேன். பால் ஜாயின்ட் மாற்றி, பிரேக் சரிசெய்து, ஹெல்மெட் வாங்கிய பிறகும் கொடுக்கவில்லை. முதலில் நான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். ஸ்கூட்டி தவிர எதையும் ஓட்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கீழே நின்று சொல்லச் சொல்ல, ஏறி உட்கார்ந்து கட்டை விரலை அழுத்தினேன். முதலில் கிணற்றடியைச் சுற்றினேன். பிறகு நேராகச் சரிவில் ஏற்றினேன். முன் சக்கரம் தூக்குகிற மாதிரி இருக்கும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும் என்று அவர் கத்தியது கேட்டது. மூன்றாவது அடுக்கு வரைக்கும் போய், திருப்புவதற்கென்று இருந்த சமமான இடத்தில் திருப்பி, நேராக இறங்கி வந்தேன். நான் மேலே போகும்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொல்கிறார். எனக்கு அப்படி நினைவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் முதலில் நான்தான் ஏறினேன்.

அன்று சாவியை அவர் கையில் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு மாதம் அவர் மனிதராக இருந்தார். காலையில் நான் பஸ் ஏறும் முன்பே எழுந்து, சட்டை மாற்றி, ஹெல்மெட்டைத் துடைத்து வைத்திருப்பார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மேல் தோப்பின் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கணக்கு ஒப்பித்தார். எந்த மரத்தில் காய்ந்த கிளை வெட்டாமல் கிடக்கிறது, எந்த மரத்தடியில் பன்றி தோண்டியிருக்கிறது. எனக்கு மட்டும் பயம் குறையவில்லை. தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்பதரைக்கு டீ இடைவேளை. அந்த மணி அடிக்கும் வரை என் கை அளவெடுக்கும், மனம் சரிவில் இருக்கும். ஓடிப்போய் போன் செய்வேன். "ம், இருக்கேன்" என்பார். அவ்வளவு போதும். இரண்டு மணி வரை வேலை ஓடும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒருநாள் ஒன்பதரைக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. டீ கையிலேயே ஆறியது. பக்கத்துத் தோப்புக்காரருக்கு அடித்தேன். அவர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தார், உடனே கிளம்புகிறேன் என்றார். அன்று கூலிக்கும் யாரும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்ததும் கேட் பாஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆட்டோ, பிறகு இரண்டு பஸ். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒரு பாட்டிலில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தேன். குடிக்க முடியவில்லை. நான்தானே எடுத்துக்கலாம் என்று சொன்னேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை எங்கே இறங்க வேண்டும் என்று கேட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

ரோட்டில் இறங்கியதும் தோப்பைப் பார்த்தேன். மூன்றாவது அடுக்குக்கு மேலே வண்டி தலைகீழாகக் கிடந்தது. நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்தபடி. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ஏறும்போது கூப்பிட்டேனா என்றும் தெரியாது. வழியில் பஞ்சராகி அப்போதுதான் வந்து சேர்ந்த பக்கத்துத் தோப்புக்காரர் பைக்கை வாசலில் போட்டுவிட்டு எனக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.

அவர் வண்டிக்கு அடியில் இல்லை. பத்தடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்திலும் சட்டையிலும் மண். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஹெல்மெட் மடியில் இருந்தது, அதன் ஒரு பக்கம் பாறையில் உரசிய கோடு. நான் அவர் முன்னால் உட்கார்ந்து தலை, கழுத்து, விலா, இரண்டு கால் என்று ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தேன். எங்கும் கத்தவில்லை. மணிக்கட்டைத் தொட்டபோது மட்டும் பல்லைக் கடித்தார்.

"குறுக்க போயிட்டேன்," என்றார். "மேல்பக்கம் மரத்துல பூ வந்திருக்கற மாதிரி தெரிஞ்சுது. சுத்திப் போக அலுப்பா இருந்துச்சு. டேங்க் பாதிதான் இருந்துச்சு. அவரு சொன்னது அப்படியே நடந்துச்சு. நான் குதிச்சிட்டேன்."

போன் வண்டியின் முன் பெட்டிக்குள் இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. பெட்டி அடியில் மாட்டியிருந்ததால் எடுக்க முடியவில்லை. கோல் கீழே வீட்டில். நடந்து இறங்கப் பார்த்து இரண்டு இடத்தில் வழுக்கியதும், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம். அவர் அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் தோப்புக்காரர் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணிக்கட்டில் எலும்பு முறியவில்லை, சதைதான் பிசகியிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "வித்துடலாம். தோப்பையும் குத்தகைக்கு வுட்டுடு" என்றார். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை அது. அந்த வார்த்தையை இந்தக் குரலில் கேட்டபோது, தலைகீழாகக் கிடந்த வண்டியைப் பார்த்தபோது பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். டிவி முன்னால் நாற்காலி போட்டுக்கொண்ட நாட்களின் குரல் அது.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்துத் தோப்புக்காரரும் அவர் ஆட்களும் வண்டியை நிமிர்த்திக் கொடுத்தார்கள். கைப்பிடி வளைந்திருந்தது, பிரேக் பிடி உடைந்திருந்தது. அடியில் படுத்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தேன். சேஸிஸில் ஒரு கீறல்கூட இல்லை. பட்டறையில் கொடுத்துச் சரி செய்தோம். டேங்கைக் கழற்றிவிட்டு இரண்டு சின்ன கேன்களைத் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டினேன். நிறைய இருக்கும் அல்லது காலியாக இருக்கும், பாதியாக ஓட்டக் கூடாது. பிறகு ஒரு ஞாயிறு சுண்ணாம்பு கரைத்த வாளியோடு தோப்பில் ஏறினேன். வண்டி நேராக ஏறக்கூடிய இடம் எது, இறங்கக்கூடிய இடம் எது, திருப்பக்கூடிய சமதரை எது என்று ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, பாறையிலும் மரத்தடியிலும் வெள்ளைக் கோடு போட்டேன். அவர் முதலில் வீட்டுக்குள்ளேயே இருந்தார். இரண்டாவது அடுக்கைத் தாண்டும்போது கீழிருந்து குரல் வந்தது. அந்தப் பாறைக்கு இடது பக்கம் மண் இளகல், அங்கே கோடு போடாதே என்றார். வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதன் பிறகு மாலை வரை அவர் சொன்னார், நான் போட்டேன். நாலு இடத்தில் நான் போட்டதை அழிக்கச் சொன்னார், அழித்தேன். மேல்பக்கத்து மரம் ஒன்றில் உண்மையிலேயே பூ வந்திருந்தது. ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்து அவரிடம் காட்டினேன். பூச்சி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

மணிக்கட்டு சரியாகி அவர் மறுபடி வண்டியில் ஏற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. போனை இப்போது கழுத்தில் பையில் மாட்டிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாமலும் ஒரு ரவுண்டு போகிறார். கோட்டை விட்டு விலகுவதில்லை என்று நம்புகிறேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது, கேட்பதுமில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் தொழிற்சாலையில் ஏதாவது கனமான பொருள் கீழே விழும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் அளவுகோலை வைத்துவிடுகிறேன்.

இந்த வருடம் பறிப்புக்கு நான் ஒரு வாரம் லீவு போட்டேன். மேல் தோப்பில் காய் நன்றாகவே பிடித்திருந்தது. நான் மேலே கிரேட்களில் அடுக்குவேன், அவர் நான்கு நான்காக ஏற்றிக்கொண்டு இறங்குவார். ஒவ்வொரு தடவையும் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, போங்க என்பேன். வண்டி நேராகச் சரிவில் இறங்கி மரங்களுக்குள் மறையும். சத்தம் மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும். அது வாசலுக்குப் போய் நிற்கும் வரை நான் கையில் காயோடு அப்படியே நிற்பேன். சத்தம் நின்று, வாசலில் யாரோ கிரேட்டை இறக்கி வைப்பது கேட்டதும், குனிந்து அடுத்த கிரேட்டை நிரப்பத் தொடங்குவேன்.